மனம், மூளை, பிரக்ஞை: இத்தனை கோட்பாடுகளில் எது தாங்கும்?

கேள்வி இது: "மனம் என்பது மூளையின் வேலை மட்டும்தானா? பிரக்ஞை பற்றி ஆளுக்கு ஒரு கோட்பாடு சொல்கிறார்களே, எது சரி? கணினிக்கும் ஒருநாள் பிரக்ஞை வருமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் கேள்விக்குப் பதில், கிட்டத்தட்ட ஆமாம், ஆனால் ஒரு பாக்கி இருக்கிறது. இரண்டாவதற்கு, இன்னும் எதுவும் தேறவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் எங்கே இடறுகிறது என்று ஓரளவு நன்றாகவே சொல்ல முடியும். மூன்றாவதற்கு, நீங்கள் எந்தக் கோட்பாட்டைப் பிடித்துக்கொள்கிறீர்களோ அதைப் பொறுத்து பதில் தலைகீழாகும். இனி விரிவாக.

இங்கே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மூளை எப்படிப் பார்க்கிறது, நினைவு வைக்கிறது, முடிவெடுக்கிறது, பேசுகிறது என்பது ஒன்று. இதெல்லாம் நடக்கும்போது உள்ளே ஒருவருக்கு ஏதோ தெரிகிறதே, உறைக்கிறதே, அந்தப் பிரக்ஞை ஏன் என்பது இன்னொன்று. பல்வலியை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பு வழியே சமிக்ஞை போகிறது, கை தாடையைப் பிடிக்கிறது, வாய் 'ஐயோ' என்கிறது, கால் மருத்துவரிடம் நடக்கிறது. இத்தனையும் வலி என்ற ஒன்றே இல்லாமல் நடந்திருக்கலாமே? வலி ஏன் வலிக்க வேண்டும்? 1994இல் அமெரிக்காவின் டூசான் நகரில் நடந்த மாநாட்டில் டேவிட் சால்மர்ஸ் என்ற இளம் தத்துவவாதி இந்த இரண்டாவது கேள்விக்குக் 'கடினமான சிக்கல்' என்று பெயர் வைத்தார். முதல் வகைக் கேள்விகள் எல்லாம் 'எளிய சிக்கல்கள்'. அவை எளிதாகத் தீரும் என்பதால் அந்தப் பெயர் வரவில்லை. எப்படித் தேடினால் விடை கிடைக்கும் என்றாவது அவற்றில் தெரியும், அவ்வளவுதான்.

அந்த எளிய பக்கமே எவ்வளவு கரடுமுரடு என்பதற்கு ஒரு பந்தயம் சாட்சி. 1998இல் நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக், இன்னும் 25 ஆண்டுகளில் பிரக்ஞைக்கான நரம்புத் தடத்தை மூளையில் தெளிவாகக் காட்டிவிடுவோம் என்று சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். கடினமான சிக்கலைத் தீர்ப்பதாக அவர் சொல்லவே இல்லை. தடத்தைக் காட்டினால் போதும். 2023இல் நியூயார்க்கில் மேடையேறி, தோற்றதை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

சரி, கோட்பாடுகளுக்கு வருவோம் என்றால், அதற்கு முன் ஒன்றைச் செய்தாக வேண்டும். கண்ணை மூடி உட்கார்ந்து 'மனம் என்றால் என்ன' என்று யோசிப்பதில் பெரிய ஆபத்து இருக்கிறது. நம் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். கடந்த ஐம்பது அறுபது ஆண்டு ஆய்வுகள் முதலில் உடைத்தது இந்த நம்பிக்கையைத்தான். என்னைக் கேட்டால், மூளை காயப்பட்டவர்களிடம் கண்ட சில விசித்திரங்களைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கோட்பாட்டையும் எடைபோட முடியாது. தத்துவப் புத்தகத்தை அதற்கு அப்புறம் திறக்கலாம்.

முதலாவது, குருட்டுப்பார்வை. 1970களில் பிரிட்டனில் டி.பி. என்ற முதலெழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படும் ஒருவருக்கு, மூளையின் பின்பக்கத்தில் வலப்புறப் பார்வைப் புறணியின் (பார்ப்பதைக் கையாளும் மேலடுக்கின்) ஒரு பகுதியை அறுவை செய்து எடுத்தார்கள். அதனால் இடப்பக்கப் பார்வைப் புலத்தில் அவருக்குக் குருடு. லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸும் அவருடைய சகாக்களும் அந்தக் குருட்டுப் பக்கத்தில் ஒரு ஒளிப்புள்ளியைக் காட்டி, "எங்கே இருக்கிறது என்று கையால் காட்டுங்கள்" என்றார்கள். "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்றார். "பரவாயில்லை, குத்துமதிப்பாகக் காட்டுங்கள்." காட்டினார். பெரும்பாலும் சரியாக இருந்தது. கோடு நெட்டாக நிற்கிறதா, படுக்கையாகக் கிடக்கிறதா என்று கேட்டபோதும் அப்படியே. முடிவைச் சொன்னபோது அதிகம் ஆச்சரியப்பட்டவர் அவர்தான். சும்மா ஊகித்துக்கொண்டிருப்பதாகவே அவர் நினைத்திருந்தார். கண்ணிலிருந்து தகவல் மூளைக்குப் போகிறது, அது கையை நடத்துகிறது, ஆனால் 'பார்க்கிறேன்' என்ற அனுபவம் மட்டும் இல்லை. பார்ப்பதும் பார்ப்பதாக உணர்வதும் வேறு வேறு என்று இதைவிடப் பளிச்சென்று காட்டும் சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது, பிளந்த மூளை. கடுமையான வலிப்பு நோய்க்குச் சிகிச்சையாக, மூளையின் இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக் கற்றையைச் சிலருக்கு வெட்டிவிட்டார்கள். இவர்களை ஆராய்ந்ததற்காக ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகா செய்த ஒரு சோதனையைக் கிட்டத்தில் பார்க்கலாம். நோயாளியின் இட அரைக்கோளத்துக்கு மட்டும் தெரியும்படி ஒரு கோழிக்காலின் படத்தைக் காட்டினார்கள். வல அரைக்கோளத்துக்கு மட்டும் தெரியும்படி பனி மூடிய ஒரு காட்சி. எதிரே பரப்பிய அட்டைகளில் பொருத்தமானதைத் தொடச் சொன்னார்கள். இட அரைக்கோளம் நடத்தும் வலக்கை கோழியைத் தொட்டது. வல அரைக்கோளம் நடத்தும் இடக்கை மண்வாரியைத் தொட்டது. பனியை அள்ள அதுதானே வேண்டும். "ஏன் இந்த இரண்டும்?" என்று கேட்டார்கள். பேச்சு இட அரைக்கோளத்தின் பொறுப்பு. அது பனியைப் பார்க்கவே இல்லை. "தெரியவில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். அவரோ தயங்காமல், கோழிக்கால் கோழிக்குச் சேரும், கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டும் என்று பதில் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் காரணம் என்று உண்மையிலேயே நம்பினார். நமக்குள்ளும் இப்படிக் காரணம் கட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பேச்சாளர் இருக்கிறார் என்பது கசானிகாவின் முடிவு. மூளையை வெட்டிக்கொள்ளாத நம்மைப் போன்றவர்களிடமும் இது நடக்கும். 2005இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்றில், இரண்டு முகப் படங்களில் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பிறகு கைவித்தையால் தேர்ந்தெடுக்காத படத்தைக் கையில் கொடுத்து, "இதை ஏன் பிடித்தது?" என்று கேட்டார்கள். பெரும்பாலான மாற்றங்களை யாரும் கவனிக்கவில்லை. தாங்கள் தேர்ந்தெடுக்காத முகம் ஏன் பிடித்தது என்று விளக்கமும் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பிரெஞ்சு தத்துவவாதி டெகார்ட்டிடம் போனால், பதினேழாம் நூற்றாண்டிலேயே அவர் ஏன் சிக்கிக்கொண்டார் என்பது புரியும். மனம் ஒரு பொருள், உடல் வேறொரு பொருள்; மனத்துக்கு இடமோ நீள அகலமோ கிடையாது என்றார். அவருக்கு 1643இல் கடிதம் எழுதிய பொஹீமிய இளவரசி எலிசபெத் ஒரே கேள்வியில் மடக்கினார். இடத்தை அடைக்காத ஒன்று, இடத்தை அடைக்கும் உடலை எப்படித் தள்ளி நகர்த்தும்? டெகார்ட் சுற்றி வளைத்துப் பதில் எழுதினார், உருப்படியாக எதுவும் சொல்லவில்லை. இருமைவாதம் இன்றுவரை எலிசபெத்துக்குப் பதில் சொல்லவில்லை. அதோடு, மனம் பிளவுபடாத ஒற்றைப் பொருள் என்றால் கற்றையை வெட்டியதும் அது எப்படி இரண்டு பக்கமாக வேலை செய்கிறது என்ற கேள்வியும் இப்போது சேர்ந்துவிட்டது.

நம் மரபில் இந்தக் கோட்டை வேறு இடத்தில் கிழித்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சாங்கியத்தில் புத்தி, அகங்காரம், மனம் மூன்றும் பிரகிருதியின் பக்கம், அதாவது சடம். சைவ சித்தாந்தமும் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய அந்தக்கரணங்களை மாயையின் விளைவுகள் என்றே வைக்கிறது. நினைப்பது, நிச்சயிப்பது, 'நான்' என்று பிடித்துக்கொள்வது எல்லாம் கருவிகளின் வேலை. அறியும் பொருள் தனி; சாங்கியம் அதைப் புருஷன் என்கிறது. டெகார்ட்டின் பிரிவினையைவிட இது கெட்டிக்காரத்தனமானது. மூளையில் அடிபட்டால் நினைவு போகிறது, குணம் மாறுகிறது என்று நரம்பியலாளர் காட்டினால், 'கருவி பழுதானது' என்று இவர்கள் நிதானமாகச் சொல்லிவிடலாம். ஆனால் எலிசபெத்தின் கேள்வியிலிருந்து இவர்களும் முழுதாகத் தப்பவில்லை. எதையும் செய்யாமல் சாட்சியாக மட்டும் இருக்கும் புருஷனைப் பற்றி, பேசும் வாய்க்கு எப்படித் தெரிந்தது?

எதிர்க் கட்சியும் நம்மிடம் இருந்தது. மணிமேகலையில் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தங்கள் கொள்கையைச் சொல்லும் காதையில் பூதவாதி வருகிறான். தாதகிப் பூவையும் கட்டியையும் சேர்த்தால் எதிலும் தனியாக இல்லாத மதுக்களிப்பு பிறப்பது போல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. அவை பிரியும்போது பறையின் ஓசை போல அடங்கிவிடுகிறது என்கிறான். இன்று 'வெளிப்படு பண்பு' என்று மேடையில் பேசுகிறார்களே, அதே வாதம்தான். இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், உணர்வுடைய பூதம், உணர்வில்லாத பூதம் என்று இரண்டு வகை உண்டு என்றும் அவன் சொல்லிவைக்கிறான். வெறும் சடத்திலிருந்து உணர்வு எப்படி வரும் என்ற நெருடல் அவனுக்கும் இருந்திருக்கிறது போலும். மணிமேகலை அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறாள். அவளுடைய கேள்வி அவனுடைய அளவையை, அதாவது எதை வைத்து ஒன்றை அறியலாம் என்பதைப் பற்றியது, உணர்வைப் பற்றியதல்ல.

இனி இன்றைய ஆய்வகக் கோட்பாடுகள். ஏராளமாக இருக்கின்றன, இரண்டை மட்டும் நின்று பார்ப்போம், மற்றதைக் கடந்துபோவோம்.

முதலாவது, உலகளாவிய பணித்தளக் கோட்பாடு. பெர்னார்ட் பார்ஸ் 1988இல் முன்வைத்தார்; பாரிஸில் ஸ்தானிஸ்லாஸ் தெஹேனும் ஜான்-பியர் ஷான்ழேவும் அதற்கு மூளை உருவம் கொடுத்தார்கள். மூளையில் நூற்றுக்கணக்கான தனித்தனி வேலைக்காரர்கள் தங்கள் பாட்டுக்கு வேலை செய்கிறார்கள். அவர்கள் செய்வதில் பெரும்பகுதி நமக்குத் தெரியவே தெரியாது. ஏதாவது ஒரு தகவல் போட்டியில் வென்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகும்போது, அது பிரக்ஞைக்கு வருகிறது. நினைவுக்கும் பேச்சுக்கும் திட்டமிடுதலுக்கும் அது அப்போது கிடைக்கிறது.

இதற்குச் சான்று எப்படி எடுக்கிறார்கள்? ஒரு சொல்லைத் திரையில் சுமார் 30 மில்லிவினாடி காட்டி, உடனே வேறு வடிவங்களால் மறைத்துவிடுவார்கள். பார்ப்பவர் எதையும் பார்க்கவில்லை என்பார். ஆனால் அந்தச் சொல் மூளையின் பார்வைப் பகுதிகளுக்குள் போயிருக்கும். அடுத்து வரும் சொல்லைப் படிக்கும் வேகத்தைக்கூட மாற்றும். மறைக்காமல் காட்டினால், சுமார் 300 மில்லிவினாடி கழித்து மூளையின் பின்பகுதியிலிருந்து முன்பகுதி வரை திடீரென்று பற்றிக்கொள்கிறது. 'பற்றுதல்' என்றே அவர்கள் சொல்கிறார்கள். மெல்ல மெல்ல ஏறுவதில்லை. ஒன்று பற்றும், இல்லையென்றால் அணைந்துவிடும். குருட்டுப்பார்வையை இந்தக் கோட்பாடு அழகாக விளக்குகிறது. டி.பி.யின் கைக்குத் தகவல் போயிற்று, பொது ஒலிபரப்புக்குப் போகவில்லை.

இதன் மேல் எனக்குள்ள மனக்குறை, இது 'எனக்குத் தெரிகிறது என்று சொல்ல முடிவதை' அளக்கிறதோ என்பது. முன்மூளைப் பகுதிகள் பற்றிக்கொள்வது அனுபவத்தாலா, அனுபவத்தைப் பற்றிச் சொல்லத் தயாராவதாலா? இந்தச் சந்தேகம் பல ஆய்வாளர்களுக்கும் உண்டு. பதில் சொல்லச் சொல்லாமல் சும்மா பார்க்கவிட்ட சோதனைகளில், முன்பகுதியின் பரபரப்பு கணிசமாகக் குறைந்திருக்கிறது.

இரண்டாவது, ஜூலியோ டொனோனி 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடு. இது எதிர்த்திசையிலிருந்து கிளம்புகிறது. மூளை என்ன செய்கிறது என்று கேட்காமல், அனுபவம் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்கிறது. ஒவ்வொரு அனுபவமும் ஒன்றாக இருக்கிறது. பாதி இங்கே பாதி அங்கே என்று கிடக்கவில்லை. அதே சமயம் கோடிக்கணக்கான வேறு அனுபவங்களிலிருந்து வேறுபட்டும் இருக்கிறது. ஆகவே அதைத் தாங்கும் அமைப்பும் அப்படியே இருக்க வேண்டும்: துண்டு போட்டால் எதையோ இழக்கும்படி உள்ளுக்குள் பின்னிப் பிணைந்திருக்க வேண்டும். அந்தப் பிணைப்பின் அளவுக்கு ஃபை என்ற கிரேக்க எழுத்தைச் சூட்டினார். ஃபை அதிகமானால் பிரக்ஞை அதிகம்.

கேட்க வெறும் கணக்கு போலத் தோன்றும். ஆனால் சிறுமூளை என்ற ஒரு புதிருக்கு இது நல்ல விளக்கம் தருகிறது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். அதில் ஏறத்தாழ 6,900 கோடி பிடரிக்கு மேலே இருக்கும் சிறுமூளையில்தான். நியூரான் எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் பிரக்ஞை அங்கேதான் குடியிருக்க வேண்டும். சிறுமூளையே இல்லாமல் பிறந்த 24 வயதுப் பெண் ஒருவரைச் சீன மருத்துவர்கள் 2014இல் பதிவு செய்தார்கள். நடை கொஞ்சம் தள்ளாட்டம், பேச்சில் குழறல். மற்றபடி விழிப்போடு, உணர்வோடு வாழ்ந்துகொண்டிருந்தார். டொனோனியின் விளக்கம், சிறுமூளை ஒன்றோடொன்று அதிகம் பேசாத தனித்தனிப் பாத்திகளாக இருக்கிறது, பெருமூளைப் புறணியில் எல்லாம் எல்லாவற்றோடும் பேசுகிறது என்பது.

இதிலிருந்து கிடைத்த உருப்படியான பலன் ஒரு கருவி. காந்தத் துடிப்பால் மூளையைத் தலைக்கு வெளியிலிருந்து ஒரு தட்டு தட்டி, எதிரொலி எப்படிப் பரவுகிறது என்று மின்முனைகளால் பதிவு செய்கிறார்கள். விழித்திருப்பவரிடம் அது பல இடங்களுக்குச் சிக்கலாகப் பரவும். ஆழ்ந்த தூக்கத்திலோ மயக்க மருந்திலோ தட்டிய இடத்திலேயே அடங்கும், அல்லது எங்கும் ஒரே மாதிரி அலையாகப் போகும். அந்தச் சிக்கலை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாக்கினார்கள். 0.31க்கு மேல் என்றால் உணர்வு இருக்கிறது என்று கொள்கிறார்கள். கனவு காணும் தூக்கத்திலும் எண் மேலேதான் இருக்கிறது என்பது கவனிக்க வேண்டியது; உடல் அசைவதில்லை, ஆனால் உள்ளே ஒருவருக்கு ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. கோட்பாடு நாளைக்கே பொய்த்தாலும் இந்தக் கருவி நிற்கும் என்று நினைக்கிறேன்.

கோட்பாட்டின் மறுபக்கம் சங்கடமானது. கணினி அறிவியலாளர் ஸ்காட் ஆரன்சன் 2014இல், எந்த வேலையும் பெரிதாகச் செய்யாத எளிய மின்சுற்றுகளை ஒரு குறிப்பிட்ட விதத்தில் வலையாக அடுக்கினால் மனித மூளையையும் மிஞ்சும் ஃபை வரும் என்று காட்டினார். டொனோனி மறுக்கவில்லை. ஆமாம், அதற்கும் பிரக்ஞை இருக்கும் என்றார்! துணிச்சல் என்பதா, விட்டுக்கொடுக்க மனமில்லாத பிடிவாதம் என்பதா? 2023இல் 124 பேர் கையெழுத்திட்ட திறந்த கடிதம் ஒன்று இதைப் 'போலி அறிவியல்' என்றே சொல்லிவிட்டது. அது அத்துமீறல் என்பது என் எண்ணம். போலி அறிவியல் தோற்கக்கூடிய சோதனைக்குத் தலை கொடுக்காது.

இவர்கள் கொடுத்தார்கள். இந்த இரண்டு கோட்பாட்டுக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, 'எந்த முடிவு வந்தால் உங்கள் கோட்பாடு அடிவாங்கும்' என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு, கட்சி சாராத ஆய்வகங்களில் 256 பேரிடம் சோதித்தார்கள். 2025இல் முழு முடிவும் வெளியானது. காட்சி நீடிக்கும் வரை மூளையின் பின்பகுதியில் நியூரான்களின் ஒத்திசைவு நீடிக்கும் என்று டொனோனி தரப்பு சொன்னது, அப்படி நீடிக்கவில்லை. காட்சி மறையும் நொடியில் முன்பகுதி இன்னொரு முறை பற்றும் என்று தெஹேன் தரப்பு சொன்னது; அதுவும் பெரும்பாலும் காணோம். இரு தரப்பும் 'அடி பட்டது, ஆனால் எலும்பு முறியவில்லை' என்று விளக்கம் எழுதினார்கள். கோழிக் கொட்டகை விளக்கம் கொடுத்த அந்தப் பேச்சாளர் ஆய்வாளர்களுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறார் என்று குறும்பாகச் சொல்லலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டேவிட் ரோசந்தால் போன்றவர்களின் உயர்நிலைக் கோட்பாடு, ஒரு மனநிலையைப் பற்றி மனமே இன்னொரு நிலையில் தெரிந்துவைத்திருந்தால்தான் அது பிரக்ஞை என்கிறது. கைக்குழந்தைக்கு வலிக்குமா என்ற கேள்வியில் இது நெளிகிறது. அனில் சேத் போன்றவர்கள் சொல்வது, மூளை வெளியுலகை அப்படியே வாங்குவதில்லை, எப்போதும் முன்கூட்டி ஊகித்துக்கொண்டே இருக்கிறது, புலன்கள் அந்த ஊகத்தைத் திருத்துகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னதன் நீட்சி இது. பார்வையைவிட உடலுக்குள் நடப்பதை ஊகிப்பதுதான் 'நான்' என்ற உணர்வின் அடித்தளம் என்று சேத் சொல்லும் இடம் எனக்குப் பிடித்தது. இதயத்துடிப்பு, மூச்சு, பசி, இவற்றைச் சீராக வைத்திருக்கப் பிறந்த மூளைதான் பிறகு உலகத்தையும் பார்க்கிறது. ஆனால் இது அனுபவத்தில் என்ன இருக்கிறது என்பதை விளக்குகிறது. அனுபவம் ஏன் இருக்கிறது என்பதை விளக்குகிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

ரோஜர் பென்ரோஸும் ஸ்டூவர்ட் ஹேமரோஃபும் சொல்லும் குவாண்டம் விளக்கத்தை அதிகம் பகிர்கிறார்கள் என்பதால் ஒரு வரி. நியூரானுக்குள் உள்ள நுண்குழல்களில் குவாண்டம் நிலைகள் நிற்கின்றன என்பது அது. மூளையின் வெப்பத்தில் அவை நியூரான் அசைவதற்கு வெகு முன்பே கலைந்துவிடும் என்று மாக்ஸ் டெக்மார்க் 2000இல் கணக்குப் போட்டார். எதிர்வாதம் உண்டு. ஆனால் ஒரு மர்மத்தை இன்னொரு மர்மத்தால் மூடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

லிபெட் சோதனையையும் இதே போலத்தான் தவறாகப் பரப்புகிறார்கள். 1983இல் பெஞ்சமின் லிபெட், விருப்பப்படி மணிக்கட்டை அசைக்கச் சொல்லி அளந்தார். அசைவுக்குச் சுமார் 550 மில்லிவினாடி முன்பே மூளையில் ஒரு மின்னேற்றம் தொடங்குகிறது. 'அசைக்கலாம்' என்று அவர்களுக்குத் தோன்றியது சுமார் 200 மில்லிவினாடி முன்பு. உடனே, மூளை முடிவெடுத்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது, சுயவிருப்பம் மாயை என்று எழுதிவிட்டார்கள். ஆரன் ஷர்கர் 2012இல் காட்டியது வேறு. எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் மூளை இரைச்சல் தற்செயலாக வரம்பைத் தாண்டும்போது அசைவு வருகிறது என்று வைத்துக்கொண்டு, அசைவிலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தால் அதே மாதிரி ஏற்றம்தான் கிடைக்கும். அந்த மின்னேற்றம் எடுத்து முடிந்த ஒரு முடிவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, அந்தப் பாக்கி. ஏன் வலி வலிக்கிறது? இரண்டு நேர்மையான பதில்கள் மிஞ்சியிருக்கின்றன, இரண்டும் விழுங்கக் கடினம். ஒன்று, பருப்பொருளின் அடியிலேயே உணர்வின் ஏதோ ஒரு சாயல் இருக்கிறது என்பது. பிலிப் காஃப் போன்றவர்கள் இன்று பேசுவது, பூதவாதியின் 'உணர்வுடைப் பூதம்' போல. எலெக்ட்ரானுக்கு ஒரு துளி உணர்வு என்று வைத்துக்கொண்டாலும், கோடானுகோடி துளிகள் எப்படி ஒரே 'நான்' ஆகின்றன என்ற இடத்தில் இது முட்டி நிற்கிறது. மற்றொன்று, டேனியல் டெனட்டும் கீத் ஃபிராங்கிஷும் சொல்வது. விளக்க முடியாத அந்த உள்ளுணர்வு என்று தனியாக ஒன்று கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாக மூளை தன்னைப் பற்றித் தானே படம் போட்டுக்கொள்கிறது. அந்தப் படத்தை ஏன் போடுகிறது என்று விளக்கினால் வேலை முடிந்தது.

"வலி மாயை என்றால் வலிப்பது யாருக்கு?" என்று எல்லாரும் இவர்களைக் கேலி செய்வார்கள். நானும் கேலி செய்பவர்கள் பக்கம் சாய்பவன்தான், வலி இல்லை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. ஆனால் தேர்ந்தெடுக்காத முகத்துக்குக் காரணம் சொன்னவர்களை நினைக்கும்போது, 'எனக்கு உள்ளே நடப்பது எனக்கு நிச்சயம்' என்ற வாதத்தின் மேல் முழு பாரத்தையும் ஏற்றத் தயக்கமாக இருக்கிறது. அனுபவம் இருக்கிறது என்பதில் தவறு வராது. அது எப்படிப்பட்டது என்று நாம் சொல்வதில் தவறு வரும். கடினமான சிக்கலில் ஒரு பங்கு இந்தத் தவறால் ஊதிப்போனது என்பதே இப்போதைக்கு என் நிலை.

இது வெறும் அறிவு விளையாட்டு என்று நினைத்தால், மருத்துவமனைப் படுக்கையைப் பாருங்கள். 2005இல் சாலை விபத்தில் அடிபட்ட 23 வயதுப் பெண் ஒருவர், கண் திறந்திருந்தும் எதற்கும் எதிர்வினை இல்லாத நிலையில் இருந்தார். சில மாதங்கள் கழித்து ஏட்ரியன் ஓவனின் குழு அவரை ஸ்கேனரில் படுக்க வைத்து, "டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றது. அசைவைத் திட்டமிடும் பகுதி வேலை செய்தது. "உங்கள் வீட்டில் அறை அறையாக நடப்பதாக நினையுங்கள்" என்றபோது இடவுணர்வுக்கான பகுதி. நலமாக இருப்பவர்களின் மூளைப் படத்திலிருந்து வேறுபாடு தெரியவில்லை. பிறகு 2010இல், டென்னிஸ் என்றால் 'ஆம்', வீடு என்றால் 'இல்லை' என்று வைத்துக்கொண்டு ஒரு நோயாளி தன் தந்தையின் பெயர் பற்றிய கேள்விக்குக்கூடப் பதில் சொன்னார். 2024இல் வெளியான பல நாட்டு ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை உள்ளே கட்டளையைப் பின்பற்றியது. நான்கில் ஒருவர். டி.பி.யிடம் செயல் இருந்தது, அனுபவம் இல்லை. இவர்களிடம் செயல் இல்லை. ஆனால் உள்ளே யாரோ இருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசியாகக் கணினி. பணித்தளக் கோட்பாட்டின்படி, அந்த ஒலிபரப்பு அமைப்பைச் சிலிக்கானில் கட்டினாலும் பிரக்ஞை வரும். எதால் செய்தது என்பது பொருட்டல்ல. டொனோனியின்படி, இன்றைய கணினியில் எந்த மென்பொருளை ஓட்டினாலும் வராது. மூளையையே அச்சு அசலாக நகலெடுத்து ஓட்டினாலும் வராது. சில்லின் உள்பிணைப்பு அப்படி. சேத்தின் வழியில் போனால், சாகக்கூடிய, தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய உடல் இல்லாததற்கு இது வாய்ப்பதே கடினம். 2023இல் 19 ஆய்வாளர்கள் சேர்ந்து, பல கோட்பாடுகளிலிருந்தும் அறிகுறிகளைத் தொகுத்து அன்றைய செயற்கை நுண்ணறிவு அமைப்புகளோடு ஒப்பிட்டார்கள். எதுவும் வலுவாகத் தேறவில்லை. ஆனால் அறிகுறிகளை நிறைவு செய்யும் அமைப்பைக் கட்டுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்கள்.

உரையாடும் மென்பொருள் 'எனக்கும் உணர்வு இருக்கிறது' என்று சொன்னால் நம்பலாமா என்று கேட்டால், அந்த வாக்கியத்தை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. உணர்வைப் பற்றி மனிதர்கள் எழுதியதைப் படித்துத்தான் அது பேசக் கற்றது. இல்லை என்று அது சொன்னாலும் அதே கதைதான். அதைவிட ஆக்டோபஸ் பக்கம் சான்று கனமாக இருக்கிறது. அதற்குச் சுமார் 50 கோடி நியூரான்கள், அதில் பெரும்பகுதி கைகளில். ஒரு சொல்கூடப் பேசாது. ஆனால் காயம் பட்ட இடத்தைப் பொத்திக்கொள்கிறது, வலி கிடைத்த அறைக்குத் திரும்பிப் போக மறுக்கிறது, மரத்துப்போகும் மருந்து கிடைத்த அறையை நாடுகிறது. பிரிட்டன் 2022இல் விலங்கு நலச் சட்டத்தின் வரம்புக்குள் ஆக்டோபஸையும் நண்டையும் கொண்டுவந்தது. பந்தயம் கட்டச் சொன்னால், இன்றைய நிலையில் நான் ஆக்டோபஸின் பக்கம் கட்டுவேன். கிறிஸ்டோஃப் காக் போல ஆண்டுக் கணக்கெல்லாம் கொடுக்க மாட்டேன்.